நாங்கள் எந்த மாநிலத்து ஏழைகள்?

தாராவியில் என் மகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் சார் சுவரில்தான் இருக்கிறார். ஆள் தூத்துக்குடிக்காரர், ரிட்டயரானவர்; அங்கே வீட்டிலிருந்து அவர் எடுக்கும் பாடம் இன்டர்நெட்டில் வந்து எங்கள் சுவரில் படமாக விழும். காலை பதினோரு மணிக்குப் பிள்ளைகள் எழுந்து நின்று சுவரைப் பார்த்து வணக்கம் சொல்வார்கள். போன வருஷம் ஒருநாள் ஏதோ கையெழுத்துப் போட நான் அங்கே போயிருந்தேன். மழைக்காலம் முடிந்து பம்பாய் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. பாடத்தின் நடுவில் சார், "அந்த ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்குது" என்றார். அது தூத்துக்குடியில் அவர் வீட்டம்மாவுக்குச் சொன்னது. இங்கே கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்துபோய் எங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. வேர்க்க வேர்க்க மின்னோட்டம் படித்தார்கள்.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பம்பாயில் தமிழில் அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. தமிழும் அறிவியலும் தெரிந்தவன் கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போய்விடுகிறான். எங்களுக்கு அந்த இடம் வருஷக்கணக்காகக் காலி. ஹெட்மிஸ்ட்ரஸ் அருள்மேரி டீச்சர் தேடிப் பிடித்தவர்தான் அந்தச் சார். ஒரு கம்பெனி ஒரு வருஷம் சும்மா இன்டர்நெட் லைன் கொடுத்தது. அடுத்த வருஷம் பில் அனுப்பியது. கட்ட முடியவில்லை, ஜூலையில் வெட்டிவிட்டான். என் மகள் ஷைனிக்கு மார்ச்சில் போர்டு பரீட்சை. டீச்சர் தன் போனை மேஜையில் டிபன் டப்பாவில் சாய்த்து வைத்து வகுப்பு நடத்தினார். முதல் பெஞ்சுக்குச் சார் தெரிவார், மற்றவர்களுக்குச் சத்தம் மட்டும், அதுவும் விட்டு விட்டு. ஷைனி நோட்டில் பாதி வாக்கியங்கள் நின்றுபோய்க் கிடந்தன. நான் தையல் யூனிட்டில் காஜா மெஷின் ஓட்டுகிறவள். சட்டைக்கு ஓட்டை போடத் தெரியும், மின்தடை எனக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் அரசாங்கம் பள்ளிக்கூடங்களின் இன்டர்நெட், போன் செலவில் சலுகை கொடுக்கிறது என்று தெரிந்தது. ஏழைப் பிள்ளைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பங்கை அரசாங்கமே கட்டும். பாதிக்கு மேல் ஏழைகள் என்றால் பள்ளி கட்ட வேண்டியது சொற்பம். டீச்சர் சந்தோஷமாக மனு போட்டார். தாராவியில் ஏழையைத் தேடவா வேண்டும்? ஆனால் பதில் வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது ஆகக் கடைசிப் படி. வசதியான பள்ளிக்கூடங்களுக்குப் பிச்சை போடுவதுபோல் கொடுக்கிற துளி.

டீச்சரும், பெற்றோர் கமிட்டியில் இருக்கும் நானும் ஆபீசுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் ஒரு மராத்தி மேடம். நல்ல மனுஷிதான், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "ஆப்கே பச்சே கரீப் நஹி ஹை" என்றார். உங்கள் பிள்ளைகள் ஏழைகள் இல்லையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறோம், வந்து பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். அவர் பாரத்தைத் திருப்பிக் காட்டினார். ஏழை என்பதற்கு அத்தாட்சி இந்த மாநிலத்து மஞ்சள் அல்லது ஆரஞ்சு ரேஷன் கார்டு, அதில் பிள்ளையின் பேர். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு அந்தக் கட்டம் காலி.

"கார்டு எங்கே?"

"காவ் மே." ஊரில் இருக்கிறது என்றேன்.

"ஊரில் வீடு இருக்கிறதா?"

"இருக்கு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் இருக்கு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அநாதைகள் என்று நினைத்துவிடக் கூடாதே.

மேடம் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். ஊரிலும் வீடு, பம்பாயிலும் வீடு, அப்புறம் எப்படி ஏழை என்றார். ஊர் வீடு என்றால் நாலு பங்காளிக்கு நடுவே ஒரு சுவர் என்று அந்த அம்மாளுக்கு நான் எந்தப் பாஷையில் சொல்வது? எந்த ஊர்க் கார்டுக்கும் எங்கேயும் அரிசி வாங்கலாம் என்கிறார்களே, பாரத்துக்கு மட்டும் ஏன் ஆகாது என்று கேட்டேன். "அரிசி வேறே, ஸ்கீம் வேறே. மாற்றிக்கொண்டு வாருங்கள், மறுபடி பார்க்கிறேன்" என்று அடுத்த பைலை எடுத்துவிட்டார். தமிழ்நாட்டு ஏழை மகாராஷ்டிரத்தில் ஏழை இல்லை. அங்கே போய் நின்றால் நீ பம்பாய்க்காரி என்பான்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்து தாதரில் இறங்கினேன். வந்த வாரமே கார்டை இங்கே மாற்றலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எதுக்கு? ரெண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு ஊருக்குப் போயிருவோம்" என்றார். எங்கள் சந்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் இதே பதில்தான். பிள்ளை பிறந்தால் ஊர்க் கார்டில் பேர் சேர்ப்பார்கள். இங்கே பிறந்து, இங்கே அம்மை போட்டு, இங்கே இந்தியில் சண்டை போடும் பிள்ளை, கார்டுப்படி எங்கள் ஊர் நாங்குநேரியில் இருக்கும். ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம் என்றே நாங்கள் கிழடாகிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஏசித் தீர்த்துவிட்டேன். பிள்ளைகளுக்குச் சார் வேண்டுமா, ஊரில் பேர் வேண்டுமா, கார்டை மாற்றித் தொலையுங்கள் என்றேன். பின் வரிசையில் முத்துலட்சுமி எழுந்தாள். எங்கள் யூனிட்டிலேயே பட்டன் தைக்கிறவள்.

"யக்கா, எங்கள ஏசுறது இருக்கட்டும். ஒங்க கார்டு எங்க இருக்கு?"



"அது நாங்குநேரியில நல்லா சொகமா இருக்கு" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனுக்குப் போன் போட்டேன். எங்களுடையது கூட்டுக் கார்டு. அவர்தான் கடையில் விரல் வைத்து எல்லார் பங்கும் வாங்குகிறார். அரிசி குறையும் என்றுதான் இழுப்பார் என்று சண்டைக்குத் தயாராகவே பேசினேன்.

"அரிசி கெடக்கு மைனி, அதையா பாக்கேன்? நாளைக்குப் புள்ள இங்க வந்து காலேஜ்ல சேரணும்னா இருப்பிடச் சான்று கேப்பான். படிச்சதெல்லாம் பம்பாய், கார்டும் பம்பாய்னா அப்ப என்னத்தக் காட்டுவிய?"

ஷைனியைத் திருநெல்வேலியில் நர்சிங் சேர்ப்பது என்பது நாங்கள் ரொம்ப நாளாக வைத்திருக்கும் திட்டம். பேரை எடுத்தால் அங்கே சீட்டு போகலாம். எடுக்காவிட்டால் இங்கே அறிவியலில் தேறவே மாட்டாள், அப்புறம் சீட்டு எதற்கு? இதை எந்த மேடத்திடம் போய்க் கேட்பது? ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இத்தனை கணக்குப் போடவைக்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் மேலும்தான்.

கொழுந்தனே ஒரு வழி சொன்னார். "அண்ணன் பேராவது இங்க கெடக்கட்டும் மைனி. அப்பன் பேரு இருந்தா நாளைக்கு ஒரு பேச்சுக்காவது ஆகும்லா." ஆகுமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் பேரையும் ஷைனி பேரையும் மட்டும் எடுத்தோம். பேர் நீக்கிய சான்று போனில் வந்தபோது நான் யூனிட்டில் இருந்தேன். முத்துலட்சுமியிடம் காட்டினேன். அவள் படிக்கத் தெரியாத மாதிரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நானும் எடுக்கேன்க்கா" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் சில பேர். டீச்சர் தினமும் எண்ணினார்.

லைன் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டே மிச்சத்தைச் சொல்கிறேன். நவம்பர் கடைசியில் பாதியைத் தாண்டினோம், மேல் படிச் சலுகை கிடைத்தது, சார் மறுபடி சுவருக்கு வந்தார். நாலு மாசப் பாடத்தை எப்படிப் பிடிப்பது என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் இப்போது சாயங்காலமும் உட்காருகிறார்கள்.

மிச்சம் இதுதான். புதுக் கார்டு கொடுக்கும் முன்னால் ரேஷன் ஆபீசிலிருந்து வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். வீட்டுக்காரருக்கு அன்று வார லீவு. டெம்போ ஓட்டுகிற மனுஷன், மத்தியானம் வீட்டில் சாப்பிடுவதே வாரத்தில் ஒருநாள்தான். வந்தவர் வாசலில் நின்று எத்தனை பேர் என்றார். ரெண்டு, நானும் மகளும் என்றேன். கட்டிலடியில் உட்கார்ந்து மீன் குழம்பு பிசைந்துகொண்டிருந்த வீட்டுக்காரரை அவர் பேனாவால் காட்டி, "யே கோன் ஹை?" இது யார் என்றார்.

வேறு மாநிலக் கார்டில் பேர் உள்ள ஆள் இங்கே குடியிருக்கிறான் என்று எழுதினால் எல்லாம் நின்றுவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரரே, "மை காவ் மே ரஹதா ஹூ" என்றார். நான் ஊரில் இருக்கிறேன்.

"கப் ஆயே?" எப்போது வந்தீர்கள் என்று கேட்டார் அவர்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வரப்போக இருப்பார் என்று நான் சொன்னேன். வந்தவர் ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ரெண்டு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

அவர் போய்விட்டார். வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் தெரிந்தது. என்றைக்கும் கேட்காமல்தான் ஊற்றுவேன்.

"வேண்டாம், போதும்" என்றார், விருந்துக்கு வந்த இடத்தில் சொல்வதுபோல.