நிலை வைத்த நாள்

சந்தனம்மாளுக்குச் சொந்த அடுப்பு வேண்டும். அவ்வளவுதான் ஆசை. எம்.ரெட்டியபட்டிக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து புருஷனின் அண்ணன் வீட்டில்தான் குடித்தனம். ஓரகத்தி மாயக்காள் உலைக்கு அரிசி அளக்கும்போது நாலு பேச்சையும் சேர்த்து அளப்பாள். தின்றால் ஏச்சு, தின்னாவிட்டாலும் ஏச்சு.

அறுபத்தாறு தை மாதம் காசிராஜன் தன் பங்கு மனையில் வீடு தொடங்கினான். கரிசல் மண்ணில் சுவர் வைத்தால் கோடையில் வாய்பிளந்துவிடும் என்று செவக்காட்டு மண்ணை வண்டியில் அடித்தான். வரகு வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்து, ஒரு நாளைக்கு ஒரு படை சுவர் வைத்தான். அது காய்ந்தால்தான் அடுத்த படை. பக்கத்துக் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் குழைத்தால் சுவர் பொரிந்து உதிரும், ஊருணித் தண்ணீர்தான் வேண்டும் என்று ஐயாத்துரை கொத்தனார் ஒற்றைக்காலில் நின்றார். ஊருணியோ ஊருக்கு அந்தப் பக்கம். காசிராஜன் மண் மிதிக்க, குடம் குடமாகச் சுமந்தவள் சந்தனம்மாள்தான்.

வாசல் நிலை வைக்கிற நாள் வந்தது. வேப்பமர நிலைக்கு மஞ்சள் பூசிப் பூச்சுற்றியாயிற்று. கொத்தனார் வழக்கம்போலக் கேட்டார்.

"ஏத்தா, நீ முழுகாம இருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிரு. பிள்ளைத்தாச்சி வீட்ல நிலை வைக்கக் கூடாது. பெத்து எந்திரிச்ச பெறகு பாத்துக்கிடுவோம்."

இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. நாள் தப்புவது அவளுக்கு எப்போதும் உள்ளதுதான் என்பதால் மாயக்காளுக்குக்கூடச் சந்தேகமில்லை. புருஷனிடமும் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் வீடு அரைகுறையாக நின்றுவிடும். இன்னும் ஒரு வருஷம் மாயக்காள் போடுகிற சோறு.

"இல்லண்ணே" என்றாள்.

நிலை ஏறியது.

மாசியில் ஒருநாள் ஊருணிக் கரையில் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. கருவேலமரத்து மறைவுக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கேயே எல்லாம் முடிந்துபோயிற்று. வாய்விட்டு அழவும் வழியில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்டால் என்னவென்று சொல்வாள்? குடத்துத் தண்ணீரில் சேலையை அலசிவிட்டு, மறுபடி நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தாள்.

"எங்க புள்ள போன? மண்ணு காஞ்சுபோகுது" என்றான் காசிராஜன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பாவம், அவனுக்கென்ன தெரியும்.

சித்திரையில் குடிபோனார்கள். வந்தவர்களெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்து, "கல்லு கணக்கா நிக்கிதப்பா" என்றார்கள். அந்த வாசலில் குனிந்து நுழையும்போதெல்லாம், நிலை தின்றதா, குடம் தின்றதா, தன் பொய் தின்றதா என்று தனக்குள் கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் வருஷக்கணக்காக வயிறு திறக்கவில்லை. எழுபத்தொன்றில்தான் அந்த வீட்டுக்குள் அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி பொன்னுத்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தலைச்சனா தாயி?"

அவள் வாய் திறக்குமுன் வெளியே நின்ற காசிராஜன் சந்தோஷத்தோடு குரல் கொடுத்தான். "ஆமாத்தா, தலைச்சன்தான்!"

சந்தனம்மாள் அடக்க மாட்டாமல் ஏங்கி ஏங்கி அழுதாள்.

"பொறுத்துக்க தாயி. தலைச்சன்னா அப்படித்தான் வலிக்கும்" என்று பொன்னுத்தாய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.