கருப்புக் கரை போட்ட அட்டை

மருத்துவ ஆராய்ச்சி என்றால் நுண்ணோக்கியைக் குனிந்து பார்ப்பது என்று நினைத்துத்தான் நானும் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு நான் அதிகம் பார்த்தது பஸ் வரும் திசையை.

எழுபதுகளின் இறுதியில், புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றில் களப்பணியாளராக இருந்தேன். பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் என் பொறுப்பு. நலமாக இருப்பவர்களிடம் வெற்றிலை, புகையிலைப் பழக்கங்களைக் கேட்டு எழுத வேண்டும். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து விசாரித்துப் பதியவும் வேண்டும். படிவத்தைச் சுமந்து வீடு வீடாக அலைந்த அன்பர்களே, மக்கள்தொகைக் கணக்கெடுத்த ஆசிரியப் பெருமக்களே, பின்வருவன உங்களுக்குப் புதிதாக இரா.

ஒரு நாளைக்கு எத்தனை முறை?

‘ஒரு நாளைக்கு எத்தனை முறை புகையிலை அடக்குகிறீர்கள்?’ என்பது எங்கள் படிவத்தின் ஏழாம் கேள்வி. பெரம்பலூருக்கு வெளியே கடலைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், “இந்த வரப்புல அடக்குனா அந்த வரப்புல துப்புவேன்” என்று பதில் சொன்னார். வரப்புக்கு வரப்பு எவ்வளவு நேரம் என்று எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை. ஆகவே கைக்கடிகாரத்துடன் காட்டோரம் நின்று, வெயில் சாயும்வரை எண்ணினேன்.

எண்ணி முடித்து நன்றி சொன்னபோது அவர் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “நின்ன நேரத்துக்கு நீங்களும் ரெண்டு பாத்தி களை எடுத்திருந்தா, நான் வெள்ளனவே வூட்டுக்குப் போயிருப்பேன்ங்க.”

தகவல் இல்லை

சிகிச்சை பெற்றோர் பதிவேட்டில் மூன்று கட்டங்கள் உண்டு: நலம், மறைவு, தகவல் இல்லை. கீழப்பழுவூர் செல்லம்மாள் கன்னத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றுத் தேறியவர். நோய் மீண்டும் தலைகாட்டினால் தொடக்கத்திலேயே பிடித்தாக வேண்டும். தாமதித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவரோ இரண்டு பரிசோதனைகளுக்கு வரவில்லை. பரிசோதனைக்கு வரச் சொல்லும் தபால் அட்டைகள் மூன்று போட்டும் பதில் இல்லை.

மூன்றாவது கட்டத்தில் குறித்துவிடலாமா என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: “தாராளமா எழுதலாம்மா, நேர்ல போய்த் தேடினதுக்கப்புறம்.”

வாசலில் மறித்தவர்

மறுநாள் அரியலூரில் பஸ் மாறிக் கீழப்பழுவூரில் இறங்கினேன். செல்லம்மாளின் கணவர் கோவிந்தன் என்னை வாசலிலேயே மறித்தார்.

“அட்டை போட்டது நீங்கதானா?”

“ஆமாம். வந்ததா?”

“மூணும் வந்துச்சு. மூணையும் தெருவுலயே கிழிச்சுப் போட்டேன். சுத்திலும் கருப்புக் கரை, நடுவுல எம் பொஞ்சாதி பேரு. கருமாதிக் கடுதாசிய எவனாவது வூட்டுக்குள்ள கொண்டாருவானா?”

அட்டைக்கு நீலக் கரை வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னவள் நான். அச்சிடும் முன் சரிபார்க்கத் தரும் திருத்தப்படி கருப்பு மையில் வந்தது. திருத்தப்படி எப்போதும் கருப்பில்தானே வரும் என்று, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவளும் நானே. அவர்கள் அதைப்போலவே அடித்து, கட்டுக்கட்டாக எங்கள் தபால் பிரிவுக்கே நேரே அனுப்பிவிட்டார்கள்; அங்கேயே பெயர் எழுதிப் போட்டதால் என் கண்ணில் படவே இல்லை. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத இழவுச் செய்தி!

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோவிந்தன் உள்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: “அவகிட்ட ஒண்ணும் சொல்லலங்க, ஆஸ்பத்திரியே நாள் குறிச்சிடுச்சுன்னு நெனச்சவன் எந்தத் தைரியத்துல கூட்டியாருவேன், சொல்லுங்க?”

நான்கு மூலை

பேச்சுக்குரல் கேட்டுச் செல்லம்மாள் வெளியே வந்தார். என்னைத் தனியே அழைத்து, ‘கரண்டு’ வைத்த, அதாவது கதிர்வீச்சு கொடுத்த கன்னத்தின் உள்பக்கம் ஒரு மாதமாகப் புண் இருப்பதாகவும், காரம் பட்டால் எரிவதாகவும் சொன்னார். கணவர் பயப்படுவார் என்று மூச்சுவிடவில்லையாம். அவர் அட்டையை மறைத்திருந்தார், இவர் புண்ணை.

வெள்ளிக்கிழமை அரியலூரில் எங்கள் பரிசோதனை முகாம். அதற்கு வரச் சொல்லிப் புதுச்சீட்டு எழுதி நீட்டினேன். கோவிந்தன் கைநீட்டவில்லை. உள்ளே போய், கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். நாலு மூலையிலும் தடவினால்தான் சீட்டு வீட்டுக்குள் போகுமாம். விலங்கியலில் பட்டம் பெற்ற நான், புற்றுநோய்ப் பரிசோதனைச் சீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையைப் போல் மஞ்சள் தடவினேன்.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்களாக இருவரும் வந்து நின்றார்கள். டாக்டர் சீட்டை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார்: “முகூர்த்தம் எத்தனை மணிக்கும்மா?”

சிறிய கட்டம்

உடைந்த கடைவாய்ப் பல்லின் கூர் உரசிய புண்ணாக இருக்கலாம் என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்க ஏற்பாடு செய்தார். ஆனாலும் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை பதிவேட்டில் செல்லம்மாளின் பக்கத்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

புற்று இல்லை என்று முடிவு வந்தது. இந்த முறை அட்டையை நம்பாமல், பதிவேட்டையே தூக்கிக்கொண்டு கீழப்பழுவூருக்குப் போனேன். பல்லை எடுத்த இடமும் புண்ணும் ஆறியிருந்தன. இருவர் முன்னிலையிலும் ‘நலம்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். கோவிந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். செல்லம்மாள் மட்டும் குனிந்து, அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார்.

“ஏன் நர்சம்மா, சீக்கு வந்த கதைக்கு ஒரு பக்கம் பூரா எழுதியிருக்கீங்க, நல்லாயிட்டேங்கறதுக்கு இத்துனூண்டு கட்டம்தான் உட்டிருக்கீங்களா?”

எத்தனையோ ஆண்டு அலைந்து நான் எட்டிய ஆராய்ச்சி முடிவு இதுதான்: ‘தகவல் இல்லை’ என்று நாம் குறித்துவைத்திருக்கும் மனிதர்களில் சிலர், நாம் அனுப்பிய தகவல் அனைத்தும் கிடைத்தவர்களாய், கோபத்துடன் வீட்டிலேயேதான் இருக்கிறார்கள்.