அமோஸ் ரிக்கின் சன்னலில் ஒரு நீல நாடா

1926ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பிரெஸ்டன் நகரத்து நூற்பாலையை விட்டு ஸ்வார்த்பெக் கிராமத்துக்கு மணப்பெண்ணாக வந்த ஹெஸ்டர், அமோஸ் ரிக்கை முதன்முதலில் தன் வீட்டு வேலியோரத்தில்தான் கண்டாள். அவர் செத்த அகழெலிகளை ஒவ்வொன்றாக முள்கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார். கறுத்த வெல்வெட்டைப் போன்ற முப்பது உடல்கள் காற்றில் மெல்ல ஆடின.

"இதைப் போய் எதுக்குப் பெரியவரே காட்சிக்கு வச்சிருக்கீங்க?" என்று அவள் முகத்தைச் சுளித்தாள்.

"எத்தனை பிடிச்சேன்னு பண்ணைக் காரியஸ்தர் எண்ணணுமில்ல, பொண்ணே. எதையாவது எண்ணலேன்னா அவருக்குச் சோறு இறங்காது. ஏன், உங்க ஆலையில உங்களை எண்ணலையா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த ஊரில் அவளை முதலில் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

அமோஸுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. மனைவி இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. ஊர் நிலமெல்லாம் உடைய பிரபுவின் பண்ணையில், வயலைக் குடையும் அகழெலிகளைப் பிடிப்பதே அவருடைய நாற்பதாண்டுத் தொழில். தேநீரைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடிப்பார். ஹெஸ்டரின் கணவன் வில்ஃப்ரட் பண்ணை வண்டியோட்டி. விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். பகலெல்லாம் தனித்திருந்த ஹெஸ்டருக்கு, நடுச்சுவரின் மறுபக்கத்திலிருந்து கேட்கும் அடுத்த வீட்டு அமோஸின் இருமலே துணையாயிற்று.

ஏழு வீடுகள் கொண்ட அந்த வரிசை முழுவதும் பண்ணைக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். ஆண்டுதோறும் மார்ச் இருபத்தைந்தாம் நாளுக்குள், வெளியேற வேண்டியவர்களுக்குக் கடிதம் வந்து சேரும். காரியஸ்தர் ஸ்கெல்டன் யாரையும் அதட்டியதில்லை. நரைக்குதிரைமீது நாளும் ஒருமுறை அந்த வரிசையைக் கடந்து போவார், அவ்வளவுதான்.

1928 ஜனவரியில் அவ்வூர் அடங்கிய தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் இறந்தார். அவர் பிரபுவின் உறவினர். சாவு நேர்ந்தால் அக்கம்பக்கத்தார் சன்னல் திரைகளை இறக்குவது அவ்வூர் வழக்கம். முகம் பார்த்திராத அந்த மனிதருக்காகவும் ஏழு வீடுகளும் திரையை இறக்கின. கடைசி வீட்டில் மட்டும், காய்ச்சலில் கிடந்த குழந்தை வெளிச்சம் கேட்டு அழுததால், திரை பாதியில் நின்றது. ஸ்கெல்டன் அங்கே குதிரையை நிறுத்தினார். திரை முழுவதும் இறங்கும்வரை காத்திருந்துவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. பதினெட்டு ஆண்டுகளாகப் போட்டியே இல்லாத தொகுதியில் இம்முறை பிரபுவின் மருமகனை எதிர்த்து ஒரு பள்ளி ஆசிரியர் நின்றார். ஹெஸ்டருக்கு வாக்கு இல்லை. பெண்ணுக்கு முப்பது வயது நிரம்ப வேண்டும், அவளுக்கோ இருபத்து மூன்று. ஆனாலும், ஆதரிக்கும் கட்சியின் நிறத்தைக் கட்டிக் காட்ட ஒரு சன்னல் இருந்தது. ஏப்ரலில் குழந்தை பிறக்க வேண்டும். அதற்கு முன் பிரபுவின் மனம் குளிர ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பிரெஸ்டனில் பிரபுக்களின் கட்சிக்கு நிறம் நீலம். தன் திருமண உடையிலிருந்து நீல நாடாவைப் பிரித்தெடுத்து, அழகாக முடிந்து, சன்னலில் கட்டினாள்.

அன்று மாலை ஸ்கெல்டனின் குதிரை அவள் வீட்டின்முன் நின்றது. அவர் நாடாவைப் பார்த்தார். பிறகு அவளுடைய வயிற்றைப் பார்த்தார். பனி கடுமையாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, தொப்பியைத் தொட்டு விடைபெற்றார். அவர் மகிழ்ந்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

சற்று நேரத்தில் அமோஸ் கதவைத் தட்டினார். அவர் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

"என்ன காரியம் பண்ணிட்டே, பொண்ணே? இங்க பிரபுவோட நெறம் மஞ்சள். நீலம் அந்த வாத்தியாரோடது."

ஹெஸ்டர் சன்னலை நோக்கி ஓடினாள். அவர் தடுத்தார். ஸ்கெல்டன் கண்ட பிறகு அவிழ்த்தால் பயந்து ஒளிப்பதாகத்தான் படும் என்றார். வில்ஃப்ரட் வந்ததும் செய்தியைக் கேட்டு நாற்காலியில் அமர்ந்தவன், உணவைத் தொடவில்லை. அவளைத் திட்டவும் இல்லை.

மறுநாள் காலை குதிரைக் குளம்பொலி கேட்டு அவள் வாசலுக்கு வந்தபோது, அமோஸ் அவள் சன்னலிலிருந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அந்த நேரத்துக்காகக் காத்திருந்தார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"என்ன அமோஸ் பண்றே?" என்றார் ஸ்கெல்டன்.

"இது என்னோட நாடாங்க ஐயா. நேத்து வெளிச்சம் பத்தாம, பக்கத்து வீட்டு சன்னல்ல கட்டித் தொலைச்சிட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க."

"1910ல உன் சன்னல்ல மஞ்சள்தானே இருந்துச்சு?"

"அது என் பொஞ்சாதி கட்டினதுங்க. அவ போயிட்டா. இப்ப என் இஷ்டம்."

ஸ்கெல்டன் ஹெஸ்டரின் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொல்ல அவள் வாய் திறந்தாள், சொல் வரவில்லை. கை தானாக வயிற்றின்மேல் போய் நின்றது. அவர் தலையை அசைத்தார்.

"சரி அமோஸ். ஞாபகம் வச்சுக்கிறேன்."

அமோஸ் நீல நாடாவைத் தம் சன்னலில் கட்டினார். பிறகு பழைய தேயிலை டப்பாவிலிருந்து மனைவியின் மங்கிய மஞ்சள் நாடாவை எடுத்து வந்து, அவள் சன்னலில் கட்டச் சொல்லி ஹெஸ்டரிடம் கொடுத்தார். நீங்கள் உண்மையிலேயே நீலமா என்று அவள் கேட்டாள்.

"நாப்பது வருஷமா யாரும் கேக்கலை. நீயும் கேக்காதே."

வாக்களிக்கும் நாளன்று, வாக்காளர்களை ஏற்றிச் சென்ற பண்ணை வண்டியில் ஏறாமல், பனியில் தனியே நடந்து போய் வாக்களித்துவிட்டு வந்தார். பிரபுவின் மருமகன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். தேவாலய மணி அடித்தது, எல்லாருக்கும் பீர் கிடைத்தது. நாடாக்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆனால் நாள்தோறும் நரைக்குதிரை இரண்டு சன்னல்களின் முன்னும் ஒருகணம் நின்று போயிற்று. ஹெஸ்டர் மார்ச் மாதத்து நாள்களை அச்சத்தோடு கழித்தாள். தொட்டில் தயாராக இருந்தது. அதை எந்தக் கூரையின்கீழ் வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் தபால்காரர் வந்தார். சரளைக்கற்களின்மீது அவருடைய காலடி நெருங்கியது. காலடி அவள் கதவைக் கடந்து, அடுத்த கதவில் நின்றது.

கடிதத்தை அமோஸ் அவளிடமே படிக்கக் கொடுத்தார். மிக மரியாதையான கடிதம். தேர்தலைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. கண்பார்வை குறைந்துவிட்டதாக அவரே தெரிவித்திருப்பதால், நல்ல பார்வையுள்ள ஒருவரை அவ்வேலைக்கு அமர்த்த வேண்டியுள்ளது; புதியவருக்கு வீடும் தேவைப்படுகிறது; நீண்ட நாள் உழைப்புக்குப் பண்ணை நன்றி கூறுகிறது.

"என் வாயாலயே என்னைக் கட்டிப்போட்டுட்டாரு பாத்தியா. கெட்டிக்காரரு," என்றார் அமோஸ், ஏறக்குறைய வியப்போடு.

எங்களோடு வந்து இருங்கள் என்று அவள் கெஞ்சினாள். அடுத்த கடிதம் உன் கணவனுக்கு வர வேண்டுமா என்று கேட்டு மறுத்துவிட்டார். மே மாதத்தில் ஒரு மூட்டையோடு நகரத்து ஏழையர் விடுதிக்குப் போனார். பேறுகால வீடுகளில் வருவோருக்கெல்லாம் கொடுக்கும் ரம் வெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, ஏப்ரலில் பிறந்த மகளையும் சுமந்து, அவள் ஜூனில் போய்ப் பார்த்தாள். குழந்தையின் விரல்களை அவர் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். பத்தும் சரியாக இருக்கின்றன, காரியஸ்தரிடம் சொல்லிவிடு என்று சிரித்தார்.

நவம்பரில் அவர் படுத்துவிட்டார். சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. அன்றைக்கு ஸ்கெல்டன்முன் உண்மையைச் சொல்லாமல் நின்றதை மன்னியுங்கள் என்று, பார்க்கப் போன ஹெஸ்டர் அழுதாள். குதிரை இன்னும் நின்று போகிறதா என்று மட்டும் அவர் கேட்டார். அவள் ஆம் என்று தலையசைத்தாள். அவர் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டார்:

"நான் போன சேதி வந்தா, உன் சன்னல்ல திரையை இறக்காதே, பொண்ணே. எனக்காக எத்தனை திரை இறங்குச்சுன்னு காரியஸ்தர் எண்ணிக்கிட்டு வருவாரு."