பிஸ்மாவா, எபிமொனியா?

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனராகச் சேர்ந்து எட்டு லாரிக்குச் சொந்தக்காரன் ஆனேன். அப்படிப்பட்ட என்னை, மகன் வீட்டோடு வந்து தங்கிய நியூஜெர்சியில், டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை ஃபெயிலாக்கினார்கள். ஸ்டாப் போர்டில் வண்டியை முழுசாக நிறுத்தவில்லையாம்.

"ஆளே இல்லாத ரோட்டுல எதுக்கு நிக்கணும்?" என்று வீட்டில் கத்தினேன்.

"போர்டோட சண்டை போடுங்க. மகனுக்கு லீவு கிடைச்சாத்தான் எனக்குக் கோயில்," என்றாள் மனைவி.

எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மகனிடம் கெஞ்சி வெளியே போவது எனக்குப் பழக்கமில்லை.

கார் ஓட்டப் பழக்கிவிட வந்தவர் நிக்கோஸ், என் வயதுக் கிரேக்கர். "விடவே மாட்டேன், திரும்பத் திரும்ப வருவேன். அப்படித்தான் முன்னுக்கு வந்தேன்," என்று வண்டியை ஓட்டியபடியே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெருமையடித்தேன்.

அவர் சிரித்தார். தங்கள் பாஷையில் இதற்கு இரண்டு வார்த்தை உண்டு என்றார். தோற்ற மாதிரியே மறுபடி தோற்க வருவது பிஸ்மா. தப்பைத் திருத்திக்கொண்டு மறுபடி வருவது எபிமொனி.

"எட்டு லாரியும் எதால் வந்தது?" என்று கேட்டார்.

கோபம் தலைக்கேறியது. பதில் சொல்ல வாய் திறந்தபோது எதிரே ஸ்டாப் போர்டு. ஓர் அணில்கூட இல்லாத சாலை. முதல்முறையாக முழுசாக நிறுத்தினேன்.

இப்போது லைசென்ஸ் இருக்கிறது, கோயிலுக்கு நானே ஓட்டுகிறேன். ஆனாலும் காலி ரோட்டில் நிற்கும்போதெல்லாம் கால் பரபரக்கிறது.

"நின்னாச்சா?" என்பாள் மனைவி.

"நின்னாச்சு."

நிக்கோஸின் கேள்விக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.