சும்மா கிடந்த டிஸ்க்

என் கையில் கொடுத்த பொருள் தொலைந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதுமில்லை. அப்படிப்பட்ட நான்தான், என் மனைவி ஐந்து மணி நேரம் பேசி வைத்ததை, எனக்கென்றே பேசி வைத்ததை, ஒரு சொல்லும் கேட்காமல் அழித்தேன். கரண்ட் போய் அழியவில்லை, வெள்ளம் வந்து அழியவில்லை. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நானே அழித்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன் மற்றவர்களைக் கொஞ்சம் திட்டாமல் எனக்கு எழுத வராது.

நான் கட்டாரில் ஒன்பது வருடம் ஒரு லிஃப்ட் கொம்பனியின் களஞ்சியத்தில் இருந்தவன். உதிரிப்பாகங்களைக் காப்பது என் வேலை. ஒரு சாமான் இன்றைக்குத் தேவைப்படவில்லை என்பதற்காக அது வேண்டாத சாமான் ஆகிவிடாது. என்றைக்கோ ஒரு நாள் பதினெட்டாம் மாடியில் ஆள் மாட்டிக்கொள்ளும்போது அது தட்டில் இருக்க வேண்டும். இந்தச் சின்ன விசயம் விளங்காதவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்பது ஊருக்குத் திரும்பி வந்த பிறகு தெரிந்தது. அமிர்தகழியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலாவது மேலதிகமாக ஒரு பல்பு இருக்காது. எரிந்துபோன பிறகுதான் கடைக்கு ஓடுவார்கள், கடை பூட்டியிருக்கும், இருட்டில் இருந்து கொண்டு அரசாங்கத்தைத் திட்டுவார்கள்.

படங்கள் விசயத்தில் இன்னும் மோசம். கல்யாணம், பெண் பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு, மாமாங்கக் கோயில் தீர்த்தம் எல்லாம் போனுக்குள். "எல்லாம் போன்ல இரிக்கு" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் போன் தோணியில் போகும்போது வாவிக்குள் விழும். பிறகு என் வாசல் படலையில் வந்து நின்று, "உங்களுக்கிட்ட எங்கட கலியாணப் படம் இரிக்கா?" என்பார்கள். என் மைத்துனர் ஒருவர் மகளின் கல்யாண வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டு, அதைச் சாமித்தட்டில் வைத்து, மூன்று வருடம் சாம்பிராணி காட்டினார். ஒரு நாள் செருகிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. "ஏன் இப்பிடி?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அந்த மனிதரை மதித்ததாகிவிடும்.

அதனால்தான் எல்லாவற்றையும் சேமித்து வைக்க வீட்டிலேயே ஒரு சேர்வரைக் கட்டினேன். போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் போகிற, மூடிப்போன ஒரு கொமியூனிகேசன் கடையிலிருந்து உயரமான பழைய கணினிக் கேசிங் ஒன்று, அதற்குள் எட்டு டிஸ்க். எட்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்குகிறவன் மடையன். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே சாகும். இரண்டை டவுணில் வாங்கினேன், மூன்றைக் கொழும்பில், மீதி மூன்றும் கனடாவிலிருந்து உறவுக்காரர் ஒருவரின் பெட்டியில் காற்சட்டைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தன. கொழும்புக் கடைக்காரன் தந்தவற்றில் ஒன்றை வீட்டில் மாட்டி அதன் உள்விபரத்தைப் பார்த்தால், மூன்று வருடம் எங்கோ ஓடிக் களைத்த டிஸ்க். போனில் கேட்டேன். "புதுசுதான் அண்ணன், சீல் உடைக்கவே இல்லையே" என்றான். பொய் சொல்வதிலாவது கொஞ்சம் உழைப்பு வேண்டாமா என்று கேட்டுவிட்டு, அதைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன்.

ஏற்பாடு இதுதான். எதை வைத்தாலும் அது எட்டு டிஸ்க்கிலும் பிரிந்து பதியும். எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும், மீதி ஆறும் சேர்ந்து அவற்றில் இருந்ததைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதிவிடும். மூன்றாவதும் செத்தால் எல்லாம் போச்சு. ஆகவே ஒன்பதாவதாக ஒரு டிஸ்க்கை வாங்கி, எதிலும் மாட்டாமல், வெள்ளி நிறப் பையில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். தனி டிஸ்க்கைக் கணினியில் செருகிப் பார்க்கிற சின்னப் பெட்டியையும் வயரையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன்.

வீடு என் மனைவியுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், நான் கல்யாணம் கட்டி வந்தவன். சாமான் அறையை அவள் எனக்கு விட்டுத் தந்தாள். அரிசி டின்னும் தேங்காய்களும் குசினிக்குப் போயின. பின்வேலிக்கு அப்பால் வாவி. அந்த உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விட்டுவைக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா வயர் முனைகளையும் கழற்றித் துடைப்பேன். ஒரு பல்லி காற்றாடிக்குள் போய்ச் செத்தது. எறும்புகள் பவர் சப்ளைக்குள் குடும்பம் நடத்தின. கரண்ட் இந்த ஊரில் வருகிற மாதிரியா வருகிறது, அதற்கு ஒரு யூபிஎஸ். மாதம் ஒரு முறை எட்டு டிஸ்க்கையும் தலையிலிருந்து கால் வரை வாசிக்க வைத்து, ஓர் எழுத்தாவது பழுதா என்று பார்ப்பேன். ஒருநாளும் பழுது இருந்ததில்லை.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், தெருவில் பாதிப் பேரின் கல்யாணம் இருந்தது. என் மனைவி எனக்குக் கட்டாருக்கு எழுதிய இருநூற்றுச் சொச்சக் கடிதங்களும், ஸ்கேன் பண்ணி, திகதி வாரியாக இருந்தன. எல்லாக் கடிதத்திலும் ஒரே விசயம்தான். நாங்கள் சுகம், பிள்ளைகள் படிக்கிறார்கள், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது வருடமும் இந்தப் பக்கத்தில் யுத்தம், வெள்ளம் என்று என்னென்ன நடந்தது என்று ஊருக்கெல்லாம் தெரியும். என் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்த பிறகும் கேட்கவில்லை. சுகம் என்று எழுதியிருந்தாள், கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். களஞ்சியக்காரனுக்கு ஒப்பமிட்ட காகிதம் போதும்.

மாரி முடிந்து வெயில் தொடங்கிய ஒரு காலையில் ஐந்தாவது டிஸ்க் செத்தது. எனக்குப் பதற்றமே இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோசமாக இருந்தது. இதற்காகத்தானே வைத்திருந்தோம் என்று அலுமாரியைத் திறந்தேன். வெள்ளிப் பை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மனைவி குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"அலுமாரிக்குள்ள இருந்த டிஸ்க் எங்க?"

"அந்தப் புள்ளைக்குக் குடுத்தன். அவட லப்டொப் நிறைஞ்சி போச்சாம்."

"அது ஒண்டு செத்தா மாட்டுறதுக்கு வெச்சது."

"மூணு வருசமா சும்மாதானே கிடந்த. புள்ளைக்கு இப்ப தேவை."

சும்மா கிடந்ததாம். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கோபத்தைவிட இளக்காரம்தான் அதிகம். முப்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்கு மேலதிகம் என்றால் என்னவென்று தெரியவில்லையே என்று நினைத்தேன்.

அந்தப் புள்ளை இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். வந்தாறுமூலைக் கம்பஸில் கடைசி வருடம். புருசன்மார் வெளிநாட்டில் இருந்த காலத்தில் பெண்கள் எப்படி வீடு நடத்தினார்கள் என்று ஓர் ஆய்வு செய்தாள். சில மாதமாகப் பின்னேரங்களில் வந்து, பின்விறாந்தையில் என் மனைவிக்கு எதிரே ரெக்கோடரை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவார்கள். புருசன் கட்டாரில், பெண்டாட்டி வீட்டில், இதில் ஆய்வதற்கு என்ன கிடக்கிறது என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

போய்க் கேட்டேன். அடுத்த நாள் காலையிலேயே ஒரு துணிப்பையில் கொண்டு வந்து தந்தாள். நான் விடவில்லை. உன்னுடைய ஆய்வையெல்லாம் ஒரே ஒரு டிஸ்க்கிலா வைத்திருந்தாய், அது கீழே விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய், கம்பஸில் இதைக் கூடவா சொல்லித் தருவதில்லை என்று படலையில் வைத்தே பாடம் எடுத்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்ட எல்லாத்தையும் எடுத்திட்டியா?"

"ஓம் மாமா, என்ட எல்லாம் எடுத்திட்டன். உள்ளுக்க மாமிட..."

"சரி, சரி. எனக்கு வேலை கிடக்கு."

டிஸ்க்கை மாட்டினேன். மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். சேர்வர் உடனே செய்யவில்லை. இந்த டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, கட்டாயப்படுத்தினால்தான் எழுதுவேன் என்று திரையில் காட்டியது. இரும்புப் பெட்டிக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. பிள்ளை ஏதோ குப்பையை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். திறந்து பார்க்க அரை நிமிடம் போயிருக்கும். பார்க்கவில்லை. கட்டாயப்படுத்தினேன்.

பகல் முழுவதும் அது எழுதியது. அன்றைக்கு என் மனைவி வழக்கமில்லாமல் அந்த அறைப் பக்கம் வந்துகொண்டே இருந்தாள். பதினொரு மணிக்கு ஒரு தேநீர், இரண்டு மணிக்கு இன்னொன்று. கதவோரம் நிற்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், போய்விடுவாள். டிஸ்க்கைக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வருகிறாள், வாய் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நானும் முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தேன். பொழுது சாயும்போது எட்டு டிஸ்க்கும் நல்ல நிலையில் என்று திரை காட்டியது. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது வந்து கேட்டாள். "கேட்டீங்களா?"

"என்னத்த?"

"அந்தப் புள்ள உள்ளுக்க வெச்சித் தந்தத."

நான் கதிரையை விட்டு எழுந்தேன்.

"நான் பேசினது. நீங்க இல்லாத காலத்துக் கத. உங்களுக்கு நேர சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கிட்டச் சொன்னன். டிஸ்க்கத் திருப்பிக் குடுக்கக்குள்ள அத உள்ளுக்க வெச்சிக் குடு, அவர் கேக்கட்டும் எண்டு நான்தான் சொன்ன."

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத ஊர் இது. நாலு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். டிஸ்க்குக்கும் இவர்கள் அதைத்தான் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இந்த ஊரில் சோறு தின்கிற எவனுக்கும் தோன்றியிருக்கும்.

"அழிச்சிட்டன்" என்றேன். "தெரியாம."

அவள் அழவில்லை, ஏசவில்லை. வெற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

செருப்பைக் கூடப் போடாமல் அந்தப் பெண்ணிடம் ஓடினேன். அவளிடம் ஒரு பிரதி இருக்கும் என்று நம்பினேன். காலையில் எது இல்லை என்று நான் அவளை ஏசினேனோ, அந்த இரண்டாவது பிரதியைத்தான் இப்போது கும்பிட்டுக்கொண்டு போனேன். இல்லை. பேசிய பெண்களின் குரல்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று எல்லாரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாளாம், சொன்னபடி அழித்துவிட்டாள்.

"மாமிட மட்டும் மாமிக்கே குடுத்தன் மாமா. அது அவவுக்குச் சொந்தம்தானே."

எழுதி வைத்த ஆய்வைக் காட்டினாள். ஆங்கிலத்தில் மூன்று வரி, பெயருக்குப் பதில் பதினொன்று என்ற இலக்கம். ஐந்து மணி நேரப் பேச்சுக்கு அவ்வளவுதான். மாமி வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"அது மாமிட கத மாமா. நான் சொல்லக் கூடா."

அவள் குரலில் இளக்காரம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு எதை வைக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும், எதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான் ஊரையெல்லாம் கூட்டி வைத்துப் பாடம் எடுத்த ஆள்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு பின்னேரம், பின்விறாந்தையில் மனைவிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அதற்கென்று வாங்கிய ரெக்கோடரை மேசையில் வைத்து, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அதைப் பார்த்தாள். "மெசினுக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?"

"எனக்குத்தான்."

"அப்ப இத நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். அவள் பார்க்கவே நிறுத்தினேன். ஆனால் சேட்டுப் பையில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. வருவதற்கு முன்பே அதைத் தொடக்கிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒன்று நின்றால் மற்றது இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அவள் வாவியைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள். ஒரு வெள்ள வருடம். சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறிக் கண் செருகிவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர், வாகனம் இல்லை. மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாளாம். வழியில் ஓர் இடத்தில் பிள்ளை அசையவில்லை. செத்துவிட்டான் என்று நினைத்தாளாம். அப்படியே நின்று, திரும்பிப் போவதா முன்னால் போவதா என்று யோசித்தாளாம்.

"ஆசுபத்திரி வாங்குல குந்தி இருந்துதான் உங்களுக்குக் கடிதம் எழுதின. சுகம் எண்டு. நான் ஏன் அப்பிடி எழுதினன் எண்டா..."

என் சேட்டுப் பை மணியடித்தது. சேர்வர் அனுப்பிய செய்தி. எட்டு டிஸ்க்கையும் வாசித்து முடித்துவிட்டது, ஒரு பழுதும் இல்லை.

அவள் என் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அதுவும் ஓடுதா?"

நான் போனை எடுத்து மேசையில் வைத்தேன்.

"உங்களுக்கு எடுத்து வைக்க மட்டுந்தான் தெரியும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எழுந்து குசினிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, எனக்கும் கேட்க முகமில்லை. என்னிடம் இருப்பது நாலு நிமிடப் பதிவு. சேர்வரில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, கனடாவில் இருக்கும் அந்தச் சின்னவனிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. "நான் ஏன் அப்பிடி எழுதினன் எண்டா" என்கிற இடத்தோடு அவள் கதை நிற்கிறது.