ரங்கூன் வெயிலில் ஒரு ஹீட்டர்

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் இருக்கும் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலைக்குச் சேருகிறவர்கள், பழைய ஹீட்டர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "நம்ம ஊர்ல இது எதுக்கு அக்கா?" என்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏதோ குளிர் நாட்டு ராணுவம் கழித்துவிட்ட பனி டிராக்டர் ஒன்று அலோன் பகுதி ஆற்றங்கரையில் படகு இழுக்கிறது. சக்கரம் கிடையாது, அகலமான செயின். பனியில் புதையாத வண்டி சேற்றிலும் புதையாது. இந்த மாதிரி வண்டி இங்கே வந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, கேபின் ஹீட்டரைக் கழற்றி, தண்ணீர் ஓஸ் இரண்டையும் அடைத்துவிடுவது. இதன் ஹீட்டரையும் டிரைவர் மணி பழைய இரும்பு விலைக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர். வாய் ஓயாத ஆள்.

ஒரு நாள் காலை அவனிடமிருந்து போன்.

"அக்கா, இந்த வண்டிக்கு பெரிய ரேடியேட்டர் இருக்கா? பத்தடி இழுக்குறதுக்குள்ள தண்ணி கொதிக்குது."

"அது வெளிநாட்டுல இருந்து வரணும் தம்பி. இன்னிக்கு கேட்டா எப்படி?"

"டோ சின் படகு அக்கா. அடிப்பலகை விட்டுப்போச்சு. ஓதம் ஏறுறதுக்குள்ள கரைக்கு இழுக்கலன்னா தண்ணி உள்ள பூந்துடும். அப்புறம் படகே இல்ல."

டோ சின் அம்மாவுக்கு அந்தச் சரக்குப் படகுதான் சோறு போடுகிறது. போனை வைத்தபோது கண்ணில் பட்டது அந்த ஹீட்டர். ஹீட்டர் என்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜினின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடும், ஃபேன் அந்தச் சூட்டைக் கேபினுக்குள் தள்ளும். இன்ஜினுக்குச் சூடு வெளியே போனால் சரி, எந்தப் பக்கம் போனால் என்ன? அதைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி பிடித்து அலோனுக்குப் போனேன்.

ஓஸை மாட்டி, ஃபேனுக்கு ஒயர் கொடுத்தோம். "ஹீட்டரை ஃபுல்லா வை" என்றேன்.

"அக்கா, உச்சி வெயில். நான் வெந்துருவேன்."

"நீ வெந்தா தண்ணி ஊத்தலாம். இன்ஜின் வெந்தா என்னத்த ஊத்துறது?"

முனகிக்கொண்டே ஏறினான். காற்றுக்காகத் திறந்து வைத்த கதவுகள் இரண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் தானாக வந்து சாத்திக்கொண்டன. உள்ளே இருந்து பர்மியத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டு கேட்டது. பத்தடி தாண்டியது, வண்டி நிற்கவில்லை. டோ சின் படகில் ஒரு கையை வைத்துக்கொண்டு சேற்றில் கூடவே நடந்தார், ஆற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. படகு மேட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில், அது கிடந்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது.

மணி இறங்கி லுங்கியைப் பிழிந்தான். டோ சின் அழுதுகொண்டே ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தார். எனக்கும் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

ஊருக்குத் தேவையில்லை என்று எதையும் கழற்றிப் போடாதீர்கள், வண்டிக்குத் தேவையா என்று பாருங்கள். அன்றைக்கு நான் படித்த பாடம் இதுதான். மணியும் படித்தானா என்று பார்க்க, "ஹீட்டரை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் அக்கா" என்றான். "இந்தக் கதவு ரெண்டையும் கழட்டித் தரேன், என்ன விலைக்கு எடுப்பீங்க?"