பாதி வாட்ஸ், முழுச் சத்தம்

நான் ஓய்வு பெற்ற வருடம், திருநகரில் எங்கள் வீட்டைப் பார்த்துக் கோயில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். உள்ளே மனைவி ஒற்றைத் தலைவலியில் சுருண்டு கிடந்தாள். ஒலிபெருக்கி விதிமுறைகள் அத்தனையும் அறிந்த நான், நூறு வாட்ஸை ஐம்பதாக்கும்படி மைக்செட்காரரிடம் உத்தரவிட்டேன். உடனே குறைத்தார். சத்தம் அப்படியேதான் இருந்தது.

“பாதியாக்குனா மூணு டெசிபல்தான் சார் குறையும், காதுக்கு அம்புட்டாத் தெரியாது. பாதிச் சத்தமாக் கேக்கணும்னா நூறைப் பத்தாக்கணும். விழாக் கமிட்டித் தலைவரு என்னைய உரிச்சிருவாரு.”

“வேற வழியே இல்லையா தம்பி?”

“குழாயைத் திருப்பிருவோம். சத்தம் போற பக்கம் போகட்டும்.”

கண்மாய்ப் பக்கம் திருப்பிக் கட்டினார். சற்று நேரத்தில் மனைவி எழுந்து காபி கேட்டாள். நான் போட்டதைக் குடித்துவிட்டு, டிகாக்ஷன் தண்ணீராக இருக்கிறது என்றாள். அப்பாடா என்றிருந்தது.